பின்கண்ணாடி கேமரா

அந்த வீடியோவ அழிக்கச் சொல்லல சார், அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொருக்கா போட்டுக் காட்டுங்க. மொதல்ல பாக்கறப்ப வெக்கத்துல தலைய குனிஞ்சிக்கினேன்.

ஆமா, நாந்தான். நீலச் சேல. எவ்ளோ தெளிவா இருக்குது. என் கல்யாண வீடியோவுலகூட மூஞ்சி இப்டி தெரியல.

கேமரா காருக்கு முன்னாடி ஒண்ணு, பின்கண்ணாடில ஒண்ணா? நல்லதுதான். காரு முதுகுல யாரு கை வச்சாலும் சாட்சி சொல்லிடும். மெட்ராஸ்ல இருந்து செஞ்சிக் கோட்ட பாக்க வந்தீங்க, இப்ப மலைய வுட்டுட்டு காரு பின்பக்கத்தயே சுத்திச் சுத்திப் பாத்துனு இருக்கீங்க.

கிண்டல் இல்ல சார். ஆம்பளைங்க முன்னாடி நான் வாயே தொறக்க மாட்டேன். வெள்ளரிப் பிஞ்சு விக்கறப்ப வெலயக்கூட மெதுவாத்தான் சொல்லுவேன்.

நிறுத்துங்க, இங்கதான. என் தள்ளுவண்டி உருளாம இருக்க சக்கரத்துக்கு வச்ச கல்ல நான் காலால எத்தறேன். தெரியுது. வண்டி சரிவுல எறங்கி உங்க வலப்பக்க வெளக்க ஒடைக்குது. அதுவும் தெரியுது. வேணும்னேதான் எத்துனேன். ஸ்டேஷன்லயும் அதையே சொல்றேன். வண்டிய புடிச்சி வச்சிக்கட்டும். வண்டி இல்லன்னா நாளைக்கு எங்க வீட்ல அடுப்பு எரியாது, அந்தக் கவல உங்களுக்கு எதுக்கு.

ஆத்திரமா? உங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன், உங்க மேல எனக்கு இன்னா ஆத்திரம்.

கத்துனேன் சார். என் வாய் அசையுது பாருங்க. நீங்க கண்ணாடிய ஏத்திவுட்டு, ஏசி போட்டு, பாட்டு வச்சினு ரிவர்ஸ்ல வந்துனே இருந்தீங்க. நான் ஓடி வரதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. கைல இருந்தது வண்டிதான். அதையும் இடப்பக்கம் போவாம வலப்பக்கமா திருப்பிதான் வுட்டேன்.

எறங்குனீங்க, நேரா வெளக்குகிட்ட போனீங்க, ஒடனே வீடியோ பாத்தீங்க. அந்தப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பாக்கல.

கேமராவ கொற சொல்லல. அது ஒசரத்துல இருக்குது. தூரத்துல இருக்கறது தெரியும், டயர்கிட்ட இருக்கறது தெரியாது.

இடப்பக்க டயருக்குப் பின்னாடி எம் பொண்ணு யுவஸ்ரீ குந்தினு இருந்தா. வண்டிலருந்து உருண்ட பிஞ்சு ஒண்ணு அடில போயிட்ச்சி, அத எடுக்க கைய வுட்டுனு இருந்தா. இன்னும் மூணு வயசு முடியல.

ஸ்டேஷன் எங்கன்னு கேட்டீங்களே, பஸ் ஸ்டாண்டு தாண்டி. முன்னாடி நடங்க சார், நான் கொழந்தய தூக்கினு வரேன்.