நிறுத்த உதவும் மேசை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராது. மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்டை நான் வாங்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம். திட்டம் போட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது, மேடம். அவள் அழைக்கத் தொடங்குவதற்கு நான்கு வருடம் முன்பே நான் அங்கே இருந்தேன்.

எங்கள் பிரிவுக்கு நிறுத்த உதவும் மேசை என்று பெயர். கைபேசியில் பணம் கட்டிச் சக்கரம் சுற்றுகிறவர்கள், இனி முடியாது, என்னை நிறுத்துங்கள் என்று அழைத்தால் நாங்கள் எடுப்போம். சட்டம் கேட்டதால் கம்பெனி வைத்த பிரிவு. மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஐந்து நாற்காலி. சூதாட்டம் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் மேலாளருக்கு இருமல் வந்துவிடும்.

சேர்ந்தவுடன் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கோபம், தனிமை, சலிப்பு, அவமானம், தலைகால் புரியாத சந்தோஷம். இவற்றில் ஒன்று மனதில் இருக்கும்போது விளையாட உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெரியாது. எது இருக்கிறதென்று அவர்களுக்கே புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் எங்கள் முதல் கேள்வி எப்போதும் "இப்ப உங்க மனசு எப்படி இருக்கு?" என்பதுதான். எங்களுக்கும் ஒரு அட்டை உண்டு. வேலைக்கு உட்காரும் முன் எங்கள் மனநிலையை அதில் எழுத வேண்டும். என் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிதானம் என்றே எழுதியிருப்பேன். அதில் பொய் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணி அடிக்கச் சற்று முன்னால் அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம் கண்ணு. என்னை ஒரேயடியா நிறுத்திடு. நாளைக்கு நானே கெஞ்சினாலும் திறக்காதே."

'ஒரேயடியா'வை அவள் இழுத்துச் சொல்வாள். இருபத்தெட்டு வருடம் கழித்துக் கேட்டாலும் எனக்குத் தெரியும். விதிப்படி பெயரும் பிறந்த தேதியும் கேட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. என்னைப் பெற்றவள்.

என் குரல் அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதுக் குரலைத்தானே அவள் விட்டுப் போனாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு யாரிடமாவது கேட்பீர்கள். பேருந்து நிலையத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினாள். "தம்பி கையை விடாத, டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்றாள். தம்பிக்கு நான்கு வயது. நான் விடவில்லை. அவன் கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போனான், அப்போதும் விடவில்லை. விளக்குப் போடும் நேரத்தில் ஒரு கண்டக்டர் எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அப்பா திட்டவில்லை. அதன் பிறகு அவர் அதிகம் பேசவும் இல்லை. அவள் வேறொருவரோடு வேறு ஊரில் குடும்பம் நடத்துகிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள் என்பது பின்னால் காதுக்கு வந்தது.

கணக்கை மூட என் திரையில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று நிரந்தரமாக மூடும். மற்றது ஒரு வாரத்துக்கு, பிறகு கணக்கு தானே திறந்துகொள்ளும்.

"ஒரேயடியா வேணாம்மா. முதல்ல ஒரு வாரம் பார்ப்போம். நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றேன்.

"நீயேவா கண்ணு?"

"நானேதான்."

அவள் அழுதாள். நன்றி சொன்னாள். நான் இரண்டாவது பொத்தானை அழுத்தினேன்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பேசினோம். தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றிருந்தாள். அந்தக் கணவர் இறந்துவிட்டார். மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். உங்களிடம் புகார் கொடுத்தது அந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன். அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

விளையாடத் தோன்றும்போதெல்லாம் மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். மற்றவர்கள் இரண்டு நாள் எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள். அவள் காய்ச்சல் அட்டை எழுதுவதுபோல் மணி போட்டு எழுதினாள். "நாலு மணிதான் மோசம் கண்ணு. ஆஸ்பத்திரில அது டியூட்டி மாத்துற நேரம். கை சும்மாவே இருக்காது. இப்ப சும்மா இருக்கு." மழை பெய்தால் இன்னும் மோசம். மகள் சரியாகப் பேசாமல் போனை வைத்த நாள் எல்லாவற்றையும்விட மோசம். என்னிடம் பேசியவர்களில் தன் மனதை இவ்வளவு சுத்தமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை.

எங்களிடம் இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் பெயரைச் சேர்த்தால், பணம் கட்டாமல் ஒரு தடவை சக்கரம் சுற்றலாம் என்று கைபேசிக்கு இலவசச் சுற்று போய்ச் சேரும். எந்த நேரத்துக்குப் போக வேண்டுமென்றும் குறிக்கலாம். நான் நாலு மணியைக் குறித்தேன். மழை நாட்களைக் குறித்தேன். மகள் பேசாத நாளை அவளே எனக்குச் சொல்லிவிடுவாள். விளையாடுங்கள் என்று ஒரு தடவைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்.

தம்பிக்கு மட்டும் சொன்னேன். அவன் லாரி ஓட்டுகிறான். வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினான்.

"என்னக்கா பண்ற நீ?"

"வேலை பாக்குறேன்."

"விட்டுரு. நான் விட்டுடல?"

"உனக்கு அப்ப நாலு வயசுடா. விடறதுக்கு உன்கிட்ட என்ன இருந்துச்சு?"

"நீ யாருன்னு அவங்ககிட்ட சொல்லு. வாய்க்கு வந்தபடி திட்டு. போனை வை. அதோட முடிஞ்சுது" என்றான்.

"சொல்வேன். எல்லாம் போன பிறகு சொல்வேன்."

அவன் அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. அவன் எப்போதுமே கொஞ்சம் இளகின மனசுக்காரன்.

ஐந்தாவது மாதம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் தானாகவே நிறுத்திவிட்டாள். மூன்று வாரமாகக் கைபேசியைத் தொடவில்லை என்றாள். தெருமுனை மருந்துக்கடைக்கு நாலு மணிக்குப் போய், வருகிறவர்களுக்கு இலவசமாக ரத்த அழுத்தம் பார்க்கிறாளாம்.

"மனசுகிட்ட என்னான்னு கேட்டேன் கண்ணு. தனியா இருக்குன்னுச்சு. அப்ப ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போயேன்னேன். அவ்ளோதான்." சிரித்தாள். பிறகு, "அப்பப்ப உன்கிட்ட சும்மா பேசலாமா? உன் குரலைக் கேட்டா எனக்கு நல்லா இருக்கு" என்றாள்.

"விளையாடுறவங்ககிட்ட மட்டும்தாம்மா பேச விடுவாங்க. நீங்க நிறுத்திட்டா உங்க பேரு என் திரையிலேர்ந்து போயிடும்."

அப்படி ஒரு விதி கிடையாது.

"அப்படியா" என்றாள். "சரி கண்ணு, நல்லா இரு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அழைப்பு மறுபடி என் திரையில் இருந்தது. "கொஞ்சூண்டுதான் போட்டேன். உன்கிட்ட பேசறதுக்காக" என்றாள். அதன் பிறகு இலவசச் சுற்று எதுவும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

மருந்துக்கடைக்குப் போவது நின்றது. மகளுக்குக் கட்ட வைத்திருந்த கல்லூரிப் பணம் போயிற்று. பிறகு வீடு. அவள் வீட்டை விற்ற அன்று நான் கடைக்குப் போய் எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கினேன். வெகு நாளாக ஆசைப்பட்டது. பொதுக்குழாய் உள்ள ஒற்றை அறைக்கு அவள் குடிபோனாள். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதாகச் சொன்னாள். ஒரு நர்ஸ் அப்படிச் செய்யலாமா என்று நான் கேட்கவில்லை. அன்றைய குறிப்பில், மனநிலை நிதானம், கணக்கு தொடரலாம் என்று எழுதினேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. நன்றாகப் பசித்தது. உடம்புகூடக் கொஞ்சம் தேறியிருந்தது. இனி அவளிடம் போக எதுவும் இல்லை, நான் யாரென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று ஒவ்வொரு செவ்வாயும் நினைத்துக்கொண்டுதான் ஹெட்போனை மாட்டுவேன். ஏதாவது பேசிக்கொண்டிருப்போம், நேரம் போய்விடும்.

கடைசி அழைப்பு வெள்ளிக்கிழமை வந்தது. அவள் முறை நாள் இல்லை.

"கண்ணு, வலது கை தூக்க வரல. வாய் ஒரு பக்கமா இழுக்குது. இது என்னன்னு எனக்குத் தெரியும். என் விலாசம் உன்கிட்ட இருக்கும்ல. ஆம்புலன்ஸ் அனுப்பு. சீக்கிரம்."

சொற்கள் குழறின. ஆனால் டாக்டரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். விலாசம் என் எதிரே திரையில் இருந்தது. இடது கைப்பக்கம் இன்னொரு தொலைபேசியும் இருந்தது.

"அனுப்புறேன்மா. நீங்க லைன்லயே இருங்க" என்றேன்.

அனுப்பவில்லை. மறந்துவிட்டேன், பதறிவிட்டேன் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. மற்ற போனை எடுத்தால் இதை வைக்க வேண்டியிருக்குமோ என்று தோன்றியது. வைக்க எனக்கு மனம் இல்லை.

அந்தப் பதிவு பத்தொன்பது நிமிடம் ஓடும். அவள் பேசியது முதல் இரண்டு நிமிடம். மீதியெல்லாம் நான். நான் யாரென்று சொன்னேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வேறு என்னென்னவோ வந்தது. பெரியவளானதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தது. பத்தாவதில் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மா எங்கே என்று கேட்டது. தம்பி குழந்தைக்கு அவளுடைய காது இருப்பது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அதைக் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன்.

ஆறாவது நிமிடமே அவளுக்கு நினைவு போயிருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் படித்தவர், எழுதட்டும். லைனில் இருந்தது நான். நடுவில் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், கடைசிவரை அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.