சுத்தமான தோட்டம்

— திங்கக்கெழம காலையில ஏழுகூட ஆகல, பள்ளிக்கூடமே தெறக்கல. சேத்துல உக்காந்து என்ன பண்றீங்க, சுவர்ணா டீச்சர்?

— விமலாக்கா, இத யார் செஞ்சது?

— நாந்தான். வேற எவ வருவா? சனிக்கெழம வேல முடிஞ்சதும் எஸ்டேட்டு பம்ப முதுகுல மாட்டிகிட்டு நேரா வந்துட்டேன். எங்கள வேல வாங்குற மண்டோருகிட்ட கெஞ்சி களமருந்து வாங்கினேன். எப்படி, பாகுஸ்தானே? நல்லாருக்குல்ல?

— மருந்தா அடிச்சீங்க?

— பின்ன? கல்வி ஆபீஸ் ஆளுங்க பள்ளிக்கூடத் தோட்டம் பாக்க வாராங்க, சுத்தம் பண்ண வாங்கன்னு பெத்தவங்க வாட்சப் குருப்புல நீங்கதானே போட்டீங்க? எல்லாரும் கைகூப்புற படம் அனுப்பினாங்க. ஒருத்திகூட வரல.

— காஞ்ச இலையக் கூட்டணும். நான் சொன்ன சுத்தம் அவ்வளவுதான்.

— எங்களுக்கு சுத்தம்னா மண்ணு தெரியணும் லா. செம்பனை மரத்துக்கு அடியில ஒரு புல்லு நின்னாலும் மண்டோரு அரப்பேருதான் போடுவான். பாதிக் கூலி.

— அது களை இல்ல, அக்கா.

— யாருகிட்ட சொல்றீங்க? கொத்துக் கொத்தா மொளைக்கும், சின்ன வெள்ளப் பூவு. கல்யாணமான நாள்லேருந்து அதோடதான் மல்லுக்கட்டுறேன். கண்ண மூடிகிட்டுக்கூட அடிப்பேன்.

— அதே செடிதான். நாங்கதான் நட்டோம். வண்ணத்துப்பூச்சி அதுலதான் முட்டை போடும். புழு அந்த இலையத்தான் திங்கும்.

— களையவா நட்டீங்க? பள்ளிக்கூடத்துல? ஒரு போர்டாவது வைக்கக் கூடாதா?

— வச்சிருந்தோம். பிள்ளைங்க எழுதினது.

— அந்தப் பலகையா... மருந்து படுமேன்னு புடுங்கி ஓரமா சாத்திட்டேன். மழ இருட்டு, எங்க படிச்சேன்.

— கீழ பாருங்க.

— எறும்பு மொய்க்குது. அட சாமி, புழுவா? போனாப் போகுது டீச்சர். அந்தச் செடி எஸ்டேட்டுல லாரி லாரியாக் கெடக்கு, வேரோட கொண்டாந்து தாரேன். புழுவுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?

— ஷாமினி எங்க?

— வீட்டுல, சீருட மாட்டிகிட்டிருந்தா. அவ அத்த கூட்டியாருவா. சனிக்கெழமலேருந்து எம்பொண்ணுக்குச் சோறு எறங்கல, காய்ச்சலோ என்னமோ. அவளப் பத்திதான் இன்னிக்கு என்ன வரச் சொன்னீங்களா? பேசாத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லப் போறீங்க. அதானே?

— இல்ல.

— அவங்கப்பா செத்து, பெட்டியில வச்ச அன்னிக்கு மூடுன வாயி. தொண்டையில ஒண்ணும் இல்ல, தானா வரும்ங்கிறாரு ஈப்போ டாக்டரு. எங்க வருது? கெஞ்சிட்டேன். அடிச்சும் பாத்துட்டேன். ஒரு வார்த்த வந்தாப் போதும் எனக்கு. நீங்க ஒருத்திதான் அவள ஒதுக்காம வச்சிருக்கீங்க. அதுக்குத்தான் டீச்சர் பம்ப தூக்கிட்டு ஓடியாந்தேன்.

— அவ பேசறா, அக்கா.

— எவ?

— ஷாமினி. இங்க, இந்தப் பாத்தியில. ஒரு மாசமா. முதல்ல புழுக்கிட்ட முணுமுணுத்தா. அப்புறம் என்கிட்ட. இது சாப்பிடுது டீச்சர், இது தூங்குது டீச்சர்னு.

— சும்மா சொல்லாதீங்க.

— இன்னிக்கு வர்றவங்களுக்கு அவதான் இந்தப் பாத்தியக் காட்டிப் பேசறதா இருந்தா. அதக் கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்.

— ஒரு மாசமா... பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— சொல்லாதீங்கன்னா. நானே அம்மாக்குப் பேசிக் காட்டறேன்னா.

— இருங்க. இருங்க டீச்சர். சனிக்கெழம அவளும் கூட வந்தா.

— இங்கயா?

— மருந்து மேல பட்டுரும்னு வேலிக்கு அந்தாண்ட நிக்க வச்சேன். மோட்டார் பம்பு, பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. பாதி அடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன். கம்பியப் புடிச்சிகிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடினா. வெளையாடுறான்னு நெனச்சேன். கையாட்டிட்டு மறுபடி அடிச்சேன்.

— அக்கா, எந்திரிங்க. பிள்ளைங்க வர நேரம்.

— பம்ப நிறுத்தும்போது அவ வாயி மூடியிருந்துச்சு. டீச்சர்... அம்மான்னு கூப்பிட்டாளா?