ஆந்தையைப் பிடித்த கை

"ஆந்தை புடிக்கிறதுக்கு என் கைதான் நல்ல கைன்னாரு தொரை."

ஆம்பூரில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரில் மூத்தவர் சொன்னது இது. இருவரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்கச் சுண்ணாம்பு வாடை.

"ஆந்தை இன்னாத்துக்குண்ணே?" என்றார் இளையவர்.

"பனிக்காலத்துல வந்துட்டு பங்குனில வடக்க போவுதே, அந்த ஆந்தை. எந்த ஊருக்குப் போவுதுன்னு பறவை ஆராய்ச்சி பண்ற அந்தத் தொரைக்குத் தெரியணுமாம். ராவுல வலையில மாட்டும். நான் அமுக்கிப் புடிச்சிக்கணும், அவரு கால்ல தகட்டு வளையம் மாட்டிப் பறக்க வுட்டுடுவாரு."

"நகத்தால கீறாது?"

"கீறும், ரத்தம் வரும். எனக்குத் தெரியாது. சுண்ணாம்புக் குழியில தோல் பொரட்டிப் பொரட்டி மரத்துப்போன கையாச்சே."

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"ஆந்தையத் தொட்ட கையால தொட்டுத்தான் கொழந்தை ஜுரத்துல போய்டுச்சுன்னு உங்க அண்ணி அம்மா ஊட்டுக்குப் போய்ட்டா."

"அதான் கூட்டியாரப் போறோமே. ஆந்தையால ஒண்ணும் இல்லன்னு எடுத்துச் சொல்லுண்ணே."

காட்பாடியில் வண்டி நின்று கிளம்பியது. மூத்தவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்டிச் சொல்றது? அன்னிக்கி அவளுக்கே ஜுரம். தன் கைய நம்பாம கொழந்தைய எங்கிட்ட நீட்டி, 'ஒடம்பு சுடுதா பாரு'ன்னா. நெத்தியில கை வெச்சுப் பாத்தேன். சுடலன்னு சொல்லிட்டு வேலைக்குப் போய்ட்டேன். ஆந்தையாலன்னே அவ நெனச்சிக்கட்டும்."