இருட்டில் பதின்மூன்று சிரிப்பு

அந்த வருடம் எங்கள் கடையில் ஒரு சிரிப்பின் விலை நூற்றைம்பது கியாட். ஒரு டீ வாங்கினால் டிவிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காரலாம். சிரிப்புக்கென்று தனியாக நான் ஒன்றும் வாங்கியதில்லை. மேசைமேல் பிளாஸ்கில் வைக்கும் பிளேன் டீயும் அப்படித்தான், சும்மா. லான்மடாவ் கடைத்தெருவில் பேரம் கேட்டு வளர்ந்தவன் நான். சும்மா கொடுக்கிற சரக்கை யாராவது ஒருவன் எழுதி வைத்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

உட்காருங்கள், தம்பி தவ்ஹீது. பினாங்கிலிருந்து ஐந்து வருடம் கழித்து வந்திருக்கிறீர்கள். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் படியில் நின்று, உங்கள் கூடப்பிறந்த காக்கா பாசில் சொன்ன ஜோக்கைச் சொல்லிக்காட்டினீர்கள். பினாங்கில் பர்மாக்காரர்கள் கூடும் இடத்தில்கூட அதற்குப் பாசில் ஜோக் என்றே பெயர் என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. பாசிலைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். டீ ஆறிவிடும், குடியுங்கள்.

2005. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கடை உங்களுக்கு நினைவிருக்கும். ரயில் போனால் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றுக்கொன்று சலாம் சொல்லும். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்தார்கள். வேகவைத்த பட்டாணியைத் தலையில் சுமந்து விற்கிற ஒருவன். அவன் இடுப்பில் ஒரு பேட்டரி. அதைத் தட்டினால் பறப்பான், பஸ்ஸைத் தூக்குவான், திருடனைப் பிடிப்பான். ஆனால் உடுத்தியிருப்பது கைலி. பறக்கும்போது காற்றில் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்பதால் ஒரு கையால் கைலியைப் பிடித்துக்கொள்வான், மறு கையால் மட்டும் உலகத்தைக் காப்பாற்றுவான். பாதி வழியில் பேட்டரி தீர்ந்து சாக்கடையில் விழுவான். ஒவ்வொரு வாரமும் வேறு சாக்கடை. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒற்றைக்கை மாவீரன்.

அந்த அரை மணி நேரம் என் கடை கல்யாண வீடு.

"ரெண்டு கையாலயும் அடிக்கட்டும்யா, அவுந்தா அவுருது. நாங்க என்ன பாக்காததா?" என்பார் ரயில்வே பாயின்ட்ஸ்மேன் மாரிச்சாமி.

"கெட்டத் தெரியாதவனுக்கு எதுக்குப் பறக்குற வேலை? எங்கிட்ட வரச் சொல்லு, நான் கெட்டி விடுறேன்" என்பார் தையல்காரர் நல்லையா.

உங்கள் பாசில் அவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். கடை வாசலில் கடிகாரம் பழுதுபார்க்கிற மேசையை மூடிவிட்டு வந்து, கல்லாவை ஒட்டி என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவார். தாகேதாவில் வீடு, கூட்டம் ஏறுவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஒரு கண் கடிகாரத்தில். என் காதருகே குனிந்து கேட்பார். "காக்கா, பறக்கும்போது தலையில பட்டாணித் தட்டு இருந்திச்சே. விழும்போது காணோமே. அது எங்க போச்சு?" சிரிப்பதற்காகக் கேட்க மாட்டார். தட்டுக்காகக் கவலைப்பட்டுக் கேட்பார். எந்த ஜோக்கையும் யாராவது அவிழ்த்துச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்வேன். அதற்குப் பிறகு, எல்லாரும் சிரித்து ஓய்ந்த அமைதியில், அவர் சிரிப்பு தனியாக வரும். அதைக் கேட்டுக் கடை மறுபடியும் சிரிக்கும்.

என் வாப்பா கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, இது மாண்டலே தறி, இது சீனத்து மில் என்று சொல்வார். எனக்குச் சிரிப்பு அப்படி. நல்லையாவுக்கு முதலில் இருமல், பிறகு சிரிப்பு. மாரிச்சாமி தொடையில் அடிப்பார். பார்க்காமலே ஆளைச் சொல்வேன். இப்படி ஒரு திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்தது.

இரண்டாவது வாரம் வார்டு ஆபீஸ்காரர் வந்தார். தெருவே அவரை லூஜீ என்று கூப்பிடும். பர்மியில் பெரியவர் என்றும் அர்த்தம், நாட்டை ஆள்கிற பெரியவர்கள் என்றும் அர்த்தம். "கோ பர்க்கத், இந்தப் புது நாடகத்தை ஜனங்க எப்படிப் பாக்கிறாங்கன்னு மேல கேக்கிறாங்க. எந்த இடத்தில சிரிக்கிறாங்கன்னு எழுதிக் குடு" என்றார், பர்மியர் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் ஒரு 'கோ' சேர்த்து. ஒரு ஸ்கூல் நோட்டும் கொடுத்தார். ரசிகர் கருத்துக் கேட்கிறார்கள், அவ்வளவுதானே. நான் சிரத்தையாக எழுதினேன். சாக்கடையில் விழுந்தது: பெரிய சிரிப்பு. கைலி முள்வேலியில் மாட்டியது: மிகப் பெரிய சிரிப்பு, ஒரு டம்ளர் உடைந்தது. மந்திரவாதி வந்தது: சிரிப்பில்லை.

நான்காவது வாரம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிரிப்பு இருக்கு. ஆளக் காணோமே" என்றார்.

அப்போதே நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஸமீராவின் கார்டு அவர் கையில் இருந்தது.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக் கடைசி வகுப்பு பத்தாவதில் கெமிஸ்ட்ரியில் தனிச்சிறப்பு. குடியுரிமைக் கார்டு மட்டும் இல்லை. கார்டு இல்லாமல் யுனிவர்சிட்டி இல்லை, மாண்டலேக்கு டிக்கெட் இல்லை, நாளைக்கு நிக்காஹ் எழுதவும் ஆயிரம் கேள்வி. என் வாப்பாவும் அவர் வாப்பாவும் இந்த ஊரில் பிறந்து இந்த மண்ணிலேயே அடங்கியவர்கள். அதற்கு இருக்கிற சாட்சி ஒரு பழைய காகிதமும் கபரும் மட்டும்தான். ஏழு வருடம் அலைந்தேன். ஒரு மேசையில் வாப்பாவின் பிறப்புச் சான்று கேட்டார்கள், அடுத்த மேசையில் அது ஏன் இவ்வளவு பழையதாக இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லா மேசையும் முடிந்து கடைசியில் ஒரே ஒரு காகிதம் பாக்கி: வார்டிலிருந்து சிபாரிசுக் கடிதம். ஸமீரா ஒவ்வொரு நாளும் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். பிள்ளை கேட்பதை நிறுத்துவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தம்பி. நான் எழுதினேன். நல்லையா சிரித்தார், மாரிச்சாமி சிரித்தார், சாக்கடைக் காட்சி. இதில் யாருக்கு என்ன கெடுதல்?

ஏழாவது வியாழக்கிழமை. மாவீரன் சேற்றில் கிடக்கிறான், பேட்டரி செத்துவிட்டது, ஒரு கையில் கைலி. மந்திரவாதி தலைக்கு மேலே நின்று கேட்கிறான்: "உன் சக்தியெல்லாம் இப்ப எங்கடா போச்சு?" அந்த நொடியில் கரண்ட் போனது. டிவி, கடை, தெரு, எல்லாம் கறுப்பு. எதிர்ச் சாரியில் லூஜீ வீடு மட்டும் ஜெகஜ்ஜோதி. எங்கிருந்தோ அவருக்கு ஒரு தனிக் கம்பி. வெளிச்சத்தில் வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்ததை இருட்டிலிருந்து நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

இருட்டில் ஒரு குரல் பதில் சொன்னது: "லூஜீ வீட்டுக்குப் போயிருச்சு. அங்க பாருங்க, எரியுது."

கடை வெடித்தது. மாரிச்சாமி அடித்தது தன் தொடையா பக்கத்துத் தொடையா என்று தெரியவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, தனியாக, பாசில். நான் எண்ணிக்கொண்டேன், பழக்க தோஷம். பதின்மூன்று. பத்து நிமிடத்தில் விளக்கு வந்தது, தெருவெல்லாம் பிள்ளைகள் "மீ லாபீ, மீ லாபீ", கரண்ட் வந்தாச்சு என்று வழக்கம்போலக் கத்தினார்கள். அதற்குள் நாடகம் முடிந்திருந்தது.

லூஜீக்கு வராந்தாவில் வார்த்தை கேட்கவில்லை, சிரிப்புக் கேட்டது. வார்த்தையை மறுநாள் காலையில் யாரோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"நேத்து எந்தக் காட்சிக்குச் சிரிச்சாங்க, கோ பர்க்கத்?"

"டிவியே ஓடலியே, லூஜீ."

"அதத்தான் கேக்கிறேன்."

நாளை சாயங்காலத்துக்குள் சொன்னவன் பெயர் வேண்டும் என்றார். இல்லாவிட்டால் டிவி போகும், கடை போகும். ஸமீராவின் ஃபைல் எந்த மேசையில் இருந்து வந்ததோ அந்த முதல் மேசைக்கே போகும். திங்கட்கிழமை யுனிவர்சிட்டியில் பெயர் பதிவுக்குக் கடைசி நாள். நான் பேரம் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. கடையை ஒரு மாதம் மூடுகிறேன் என்றேன். டிவியை அவர் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றேன். காலைப் பிடித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டு அறிவதற்கு முன்னால். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பதின்மூன்று பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாயைக் கேட்டார், நான் சிரித்தவர்களைக் கொடுத்தேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். ஒருவர் பெயரைக் கொடுத்தால் காட்டிக்கொடுத்தது. பதின்மூன்று பெயரைக் கொடுத்தால் அது கணக்கெடுப்பு. கூட்டத்தோடு சேர்ந்தால் ஆளுக்கு ஒரு அதட்டலோடு போய்விடும் என்று நினைத்தேன். சிபாரிசுக் கடிதம் அவர் முன்னால் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார். "இதில யாரு?"

கடைசிப் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டேன். கடைசியாகச் சிரித்தவர், ஆகவே கடைசியில் எழுதியிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு பேரை இரண்டு நாள் லாக்கப்பில் வைத்து அனுப்பினார்கள். மாரிச்சாமிக்கு வேலை போனது. தனிக் கம்பியைப் பற்றி யாரும் பேசிவிடக் கூடாது என்று, அந்த ஜோக்கில் வருகிற லூஜீ தான் இல்லை, மேலே இருக்கிற பெரியவர்கள் என்று லூஜீ எழுதி அனுப்பிவிட்டார். அதனால்தான் பாசிலுக்கு ஏழு வருடம் ஜெயில்.

உங்கள் மச்சி, பாசிலின் மனைவி ஃபக்ருன்னிசா, மாதம் ஒரு முறை தாகேதாவிலிருந்து ஜெயிலுக்குப் பார்சல் எடுத்துக்கொண்டு போவார். சர்க்கரை, வறுத்த கூனி இறால், சோப்பு எல்லாம் நான் கட்டிக்கொடுத்ததுதான், ஒரு மாதமும் தவறவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று அவர் அழுவார். மூன்றாம் வருடம் மழைக்காலத்தில், வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை என்று, பார்சல் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. திருப்பி வாங்கியதற்கும் ஒரு கையெழுத்துக் கேட்டார்களாம்.

ஸமீராவுக்குக் கார்டு வந்தது. ஒரு பகல் முழுக்க அதைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டாள். படித்தாள், பாங்காக் போனாள். அங்கிருந்து அவள் உம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். கரண்ட் போன அன்று அவள் அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். சொந்த வாப்பாவின் குரலுக்கு விளக்கு எதற்கு?

ஆமாம், தம்பி. சொன்னது நான்.

யோசித்துப் பாருங்கள், உங்கள் பாசிலுக்கு ஒரு ஜோக் சொல்ல வருமா? அன்றைக்கும் என் காதில்தான் கேட்டார், "என்ன போயிருச்சு காக்கா? எங்க எரியுது?" என்று. நான் அவர் முகத்தை அந்த வராந்தாப் பக்கம் திருப்பி அவிழ்த்துச் சொன்னேன். பிறகுதான் சிரித்தார். எந்த வாயிலிருந்து வந்தது என்று அந்த இருட்டில் உறுதியாகத் தெரிந்த ஆண் அவர் ஒருவர்தான். வேறு யார் பெயரைப் போட்டாலும் அவர் சாட்சி, அவர் பெயரையே போட்டால் அவர் வார்த்தை எடுபடாது. அதனால் அவர் பெயராகத்தான் இருக்க முடியும், வேறு வழி எனக்கு இல்லை. என் பெயரைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கார்டு வாங்க வாப்பா நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும். ஜெயிலில் இருக்கிற வாப்பாவின் ரேகை செல்லாது.

மூன்று வருடம் அவர்கள் கேட்காமலா இருந்திருப்பார்கள்? பாசில் என் பெயரைச் சொல்லவே இல்லை. ஏன் என்று நான் யோசிக்காத நாளில்லை. ஒருவேளை யாராவது வந்து அவிழ்த்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தாரோ என்னவோ.

இதையெல்லாம் ஐந்து வருடம் சுமந்தேன், இன்னும் சுமந்திருப்பேன். நேற்று அந்தப் படியில்தான் முடியாமல் போனது. நீங்கள் அதைத் தப்பாகச் சொன்னீர்கள், தம்பி. மந்திரவாதி கேட்டவுடனே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கரண்ட் போனதும் இரண்டு மூச்சு பொறுத்தேன், எல்லார் கண்ணும் தானாக அந்த வெளிச்சத்துக்குத் திரும்பட்டும் என்று. மூன்றாவது மூச்சுக்கு விட்டிருந்தால் சரக்கு செத்திருக்கும். அறுபத்திரண்டு வருட வாழ்வில் அப்படி ஒன்று எனக்கு அந்த ஒரு தடவைதான் வாய்த்தது. அதைப் பாசில் ஜோக் என்கிறார்கள்.

கணக்கைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்று சிரிப்பு பதின்மூன்று, எழுதிக்கொடுத்த பெயர் பதின்மூன்று, அது நேர். கார்டு ஒன்று, அதற்குப் பாசில் ஒன்று. அதை நேராக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன். மிச்சம் நிற்பது ஜோக் ஒன்று. அது உங்கள் வீட்டுப் பெயரில் நிற்கிறது, தம்பி. எனக்கு வர வேண்டியது.