கை நடுங்கினால் கதவடைப்பா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! வலப்புறம் வரிசையாய் வீற்றிருக்கும் வல்லுநர் பெருமக்களே! நோயோடு மல்லுக்கு நின்று நிமிர்ந்து வந்திருக்கும் தாய்மார்களே! அவர்களைத் தாங்கி அழைத்து வந்த அண்ணன் தம்பிமார்களே! பேருந்து ஓட்டிப் பிழைக்கும் எளியவன் வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் வயிறு எரிகிறதே, அதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்!

மார்பில் பிறந்த புற்று மூளைக்குப் பரவிவிட்டால் மருத்துவமே திகைக்கிறது. ஊசியில் ஏற்றும் மருந்து பலவும் மூளையின் வேலியைத் தாண்டுவதில்லை. ஆகவே வேலி தாண்டும் மாத்திரை ஒன்றையும் ஊசி மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இங்கே நடக்கிறது. பலிக்குமா? தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே சோதனை! இதற்குக் கை தட்டலாம்... போதும், போதும், மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை தையல்காரி. அளவு நாடாவைத் தொடாமல், ஆளைப் பார்த்தே துணி வெட்டுவாள். நோய் மூளைக்கு ஏறிய பிறகு வலக்கை அவள் பேச்சைக் கேட்பதில்லை. சோதனையில் சேர எல்லாத் தகுதியும் இருந்தது. படிவத்தைப் பக்கம் பக்கமாய்ப் படித்து, மருத்துவரிடம் ஏழு கேள்வி கேட்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. ஏன்?

எழுத்தர் சொன்னார்: "பழைய ஆஸ்பத்திரி அட்டையில போட்ட கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகலைங்க."

"கை நடுங்குதுங்க. அதுக்குத்தானே வைத்தியத்துக்கே வந்திருக்கோம்?"

"அப்ப மறுபடி போடச் சொல்லுங்க."

போட்டாள். நான்கு முறை போட்டாள். நான்கும் நான்கு விதம்! "கைநாட்டு வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அது படிக்கத் தெரியாதவங்களுக்கும்மா. நீங்கதான் படிச்சவங்களாச்சே!"

என்ன சிரிக்கிறீர்கள்? எனக்கும் சிரிப்புதான் வந்தது, அவள் அழும்வரை. அளவு வரையும் தாளில் மூன்று நாள் இடக்கையால் தன் பெயரையே எழுதி எழுதிப் பார்த்தாள். "அண்ணே, எம்பேரே எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு" என்றாள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பெரியோர்களே! மூளையைத் தாக்கும் நோய்க்கு மருந்து தேடுகிறீர்கள். அந்த நோய் கையையும் தாக்கும் என்பது உங்கள் சேர்க்கை மேசைக்கு மட்டும் தெரியாதா? கை நடுங்காதவர்களை மட்டும் சேர்த்துச் சோதித்தால், வரும் முடிவு கை நடுங்குகிறவளுக்கு எப்படிப் பொருந்தும்?

என்ன ஐயா? ஏமாற்றைத் தடுக்கத்தான் விதியா? சரிங்க ஐயா. சம்மதத்தைக் காக்கும் விதி வேண்டும். சம்மதித்தவளைத் துரத்தும் விதி வேண்டாம்! சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கினால் எந்தக் குடி முழுகிவிடும்?

இன்று ஐந்து மணிக்குச் சேர்க்கை முடிகிறது. இடம் ஒன்றே ஒன்று. இப்போது நான்கேகால். முன்வரிசையில் என் தங்கை உங்கள் கண்ணெதிரே, யாரும் விரலைப் பிடிக்காமல், தானே ரேகை வைத்துவிட்டாள். நான் உறவு, என் சாட்சி செல்லாது. வெளியார் ஒருவர் வருவீர்களா?

அடடா! உட்காருங்கள் தாய்மார்களே, ஒருவர் போதும்! நன்றி அம்மா, இங்கே போடுங்கள்.

தலைவர் அவர்களே, இதோ படிவம். நீங்கள் வாங்கும்வரை இந்த ஒலிபெருக்கியை நான் விடுவதாக இல்லை.

வாங்கிவிட்டார்! நன்றி. ஆனால் என் கோபம் தீரவில்லை, ஐயா. இதே மேசையிலிருந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்கு நாளையே ஆள் அனுப்புங்கள். காத்திருக்க அவர்களுக்கு நாளில்லை. பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

எழுந்திரு தங்கச்சி, ரத்தம் எடுக்கக் கூப்பிடுறாங்க.