கண்டுக்காதே என்றொரு வரி

அண்ணி: அவசரப்படாதீங்க தம்பி. 'நெக்ஸ்ட்' கண்ணுல பட்டா போதுமா, உடனே அமுக்கிடுறதா?

தம்பி: வேற என்ன செய்யணும் அண்ணி அதுல?

அண்ணி: படிக்கணும்.

தம்பி: இதையெல்லாம் எவனும் படிக்க மாட்டான்.

அண்ணி: உங்க பொண்டாட்டி படிப்பா. என் தங்கச்சியாச்சே. ஒரு வரி விட மாட்டா.

தம்பி: ...ஆமா. படிப்பா.

அண்ணி: சரி விடுங்க... இன்னும் இருக்கிற மாதிரியே வாய் தவறி வந்துடுது. இப்ப என்ன கேக்குது?

தம்பி: பேரு. மெயில்.

அண்ணி: போடுங்க. இந்த கிளையன்ட் சாஃப்ட்வேர் வழியா இனிமே நீங்க ஆப்ல எதை மாத்தினாலும் அந்தப் பேருலதான் நிக்கும். யாரு மாத்தினது, எப்ப மாத்தினது, அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு... எல்லாத்தையும் எழுதி வச்சுக்கும்.

தம்பி: மாமியார் மாதிரி.

அண்ணி: எங்க அம்மாவைச் சொல்றீங்களா?

தம்பி: பொதுவா சொன்னேன்.

அண்ணி: பொதுவாவா... எங்க அம்மாவுக்கு இந்த அளவுக்கு ஞாபக சக்தி கிடையாது, பொழைச்சீங்க. ஆனா இது நல்ல மாமியார் தம்பி. நாம கெடுத்துட்டா திட்டாது. பழையபடி எடுத்துக் குடுத்துடும்.

தம்பி: எதை வேணும்னாலுமா?

அண்ணி: ம்?

தம்பி: அழிச்சது, மாத்தினது... எதை வேணும்னாலும் திரும்ப எடுக்கலாமா?

அண்ணி: உள்ள வச்சதை எடுக்கலாம். ...என்ன அப்படிப் பாக்குறீங்க? திரையைப் பாருங்க.

தம்பி: 'சாவி உண்டாக்கவும்'னு வருது.

அண்ணி: அது ஜோடியா வரும். ஒண்ணு உங்க லேப்டாப்லயே இருக்கும், இன்னொண்ணை சர்வர்ல குடுத்து வைக்கணும். ரெண்டும் பொருந்தினாத்தான் கதவைத் திறக்கும்.

தம்பி: ஒண்ணு தொலைஞ்சா?

அண்ணி: இன்னொண்ணால பிரயோஜனம் இல்ல. புதுசா உண்டாக்கிக்க வேண்டியதுதான். அதுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி.

தம்பி: சாவியைத்தானே சொல்றீங்க?

அண்ணி: ...சாவியைத்தான் சொல்றேன்.

தம்பி: என் மறுகல்யாணம் பத்தி அத்தை எதுவும் பேசிப் பாக்கச் சொல்லலையே?

அண்ணி: சொன்னாங்க. நான் பேசலை. சாவியை உண்டாக்குங்க முதல்ல.

தம்பி: ஆச்சு. இப்ப லாகின் கேக்குது. எனக்கு அக்கவுன்ட் கிடையாதே.

அண்ணி: இருக்கு. அவ எப்பவோ ஆரம்பிச்சு வச்சுட்டா. அழைப்பு அனுப்பினாளே, நீங்கதான் ஏத்துக்கவே இல்ல. மெயில்ல தேடுங்க, கீழ எங்கயாவது கிடக்கும்.

தம்பி: ...இருக்கு.

அண்ணி: யூசர் பேரு என்ன வச்சிருக்கா?

தம்பி: விடுங்க அண்ணி.

அண்ணி: எனக்குத் தெரியும். நீங்க வாயால சொல்லணும்.

தம்பி: 'நாளைக்கு'.

அண்ணி: 'நாளைக்கு சார் என்ன சொல்றாரு'ன்னுதான் நாங்க ரெண்டு பேரும் உங்களைப் பத்திப் பேசுவோம். பல்பு மாத்துறது நாளைக்கு, கேஸ் புக் பண்றது நாளைக்கு...

தம்பி: கேஸ் நான் சரியா புக் பண்ணிடுவேன்.

அண்ணி: அது பசிக்கிற விஷயம்.

கருவி: தண்ணி வேணும்.

அண்ணி: பக்கத்து ரூம் பேஷன்ட்தான். கதவைச் சாத்திடட்டுமா?

தம்பி: வேண்டாம். இருக்கட்டும்.

அண்ணி: லாரி ஓட்டினவரு, நம்ம சென்டர்ல சிகிச்சைக்கு வந்திருக்காரு. பக்கவாதத்துல பேச்சு போயிடுச்சு. ஆப்ல படத்தைத் தொட்டா அவருக்குப் பதிலா டேப்லெட் பேசும்... உங்களுக்கே சொல்றேன் பாருங்க. உங்க சாப்பாட்டு மேசையில பொறந்த ஆப்.

தம்பி: சத்தம் நல்லா கேக்குது.

கருவி: தண்ணி வேணும். போதும். போதும். போதும்.

அண்ணி: பாத்தீங்களா, இதான் அவரு. தண்ணி கேப்பாரு, குடுத்தா உடனே 'போதும்'பாரு. பொண்டாட்டி வந்துட்டா டேப்லெட்டைத் தொடவே மாட்டாரு. என் வாயில பொம்பளைக் குரலான்னு ரோஷம். அதான் ஆம்பளைக் குரல் வேணும்னு ஆரம்பத்துலேர்ந்து அவ தலைபாடா அடிச்சுக்கிட்டா.

தம்பி: அதுக்குத்தானே வந்திருக்கேன்.

அண்ணி: வந்ததுக்கு சந்தோஷம் தம்பி. நிஜமாத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்கட்டா? குரல் பதியிறதுக்கு இந்த கிளையன்டே வேண்டாமே. மைக் முன்னாடி உக்காந்து நீங்க பேசினா போதும். மீதியை நான் பாத்துக்குவேன். இது வேணும்னு நீங்களா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க...

தம்பி: அவ போடச் சொன்னது. அதனால.

அண்ணி: அவ்வளவுதானா?

தம்பி: அவ்வளவுதான். அடுத்து என்ன?

அண்ணி: 'குளோன்'னு இருக்கு பாருங்க. சர்வர்ல இருக்கிறது அத்தனையும் ஒரு பிரதியா உங்க கிட்ட வந்துடும். அமுக்குங்க. டீ கொண்டு வரேன், அது பாட்டுக்கு இறங்கட்டும்...

தம்பி: இறங்கிடுச்சு.

அண்ணி: அதுக்குள்ளயா?

தம்பி: நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள. இவ்வளவுதானா அண்ணி? எத்தனை ராத்திரி உக்காந்து செஞ்சா... கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுச்சு.

அண்ணி: எல்லாம் எழுத்துதானே தம்பி. எழுத்துக்குக் கனமில்ல.

தம்பி: எழுத்து மட்டும்தானா? சத்தம் எங்க?

அண்ணி: எந்தச் சத்தம்?

தம்பி: குரல், அண்ணி. படம்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, திரைன்னு ஒண்ணு இருக்கு. குரல்னு ஒண்ணையும் காணோம்.

அண்ணி: அது... இங்க சென்டர் கம்ப்யூட்டர்ல இருக்கும். நான் மைக்கை எடுத்துட்டு வரேன். முதல்ல உங்க குரலைப் பாத்துடுவோமே?

தம்பி: அண்ணி. உக்காருங்க.

அண்ணி: ...சொல்லுங்க.

தம்பி: குரல் குடுக்க மட்டும் நான் வரலை.

அண்ணி: தெரியும்.

தம்பி: வீட்டுல அவ குரல் எங்கயும் இல்ல. தேடிப் பாத்துட்டேன். கல்யாண வீடியோவுல அவ பேசுற இடத்துல எல்லாம் பாட்டைப் போட்டு மூடி வச்சிருக்கான் அந்த வீடியோக்காரன். போன்ல எல்லாம் ஃபோட்டோ. அவ வாய்ஸ் மெசேஜ் அனுப்புற ஆளும் இல்ல. டைப் அடிப்பா, முற்றுப்புள்ளி வச்சு.

அண்ணி: ஆமா. 'சரி.'ன்னு வரும். கோபமா இருக்காளோன்னு பயந்துடுவேன்.

தம்பி: கடைசியில தொண்டையில கத்தி வச்சதுக்கு அப்புறம் பேச்சே இல்ல. எனக்கு இப்ப... அவ எப்படிப் பேசுவான்னு நினைச்சுப் பாத்தா வாய் அசையிறது மட்டும்தான் வருது. அதான். ஆப்ல வர்றது வெட்டின துண்டு. வெட்டாத பதிவு இருக்கும்ல? பேசுறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவா, தப்பு வந்தா சிரிப்பா... அது வேணும். நீங்கதான் இதுல எதுவும் அழியாதுன்னீங்க.

அண்ணி: உள்ள வச்சது அழியாதுன்னேன்.

தம்பி: அப்படின்னா?

அண்ணி: அந்தப் பட்டியல்ல மேல, புள்ளி வச்சு ஆரம்பிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்கு பாருங்க. திறங்க.

தம்பி: ஒரே ஒரு வரிதான் இருக்கு. குரல் ஃபோல்டரோட பேரு.

அண்ணி: இந்த ஃபோல்டரை மட்டும் கண்டுக்காதேன்னு கிளையன்டுக்குச் சொல்ற வரி அது. ஆடியோ கனம், சர்வர்ல நமக்குக் குடுத்த இடம் கொஞ்சம். அதனால குரலை மட்டும் வெளியவே விட்டுட்டோம். எழுத்துல நான் ஒரு கமா மாத்தினாக்கூட இதுல கணக்கு இருக்கும். குரலை யாரு மாத்தினாலும் இதுக்குத் தெரியாது.

தம்பி: யாரு எழுதினா இந்த வரியை?

அண்ணி: அவதான்.

தம்பி: சரி. சென்டர் கம்ப்யூட்டர்ல இருக்குன்னீங்களே, அதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. கிளையன்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

கருவி: வலிக்குது. இங்க வலிக்குது.

அண்ணி: ஒரு நிமிஷம்... நர்ஸ் போறாங்க. ஒண்ணுமில்ல, கையை நீட்டி மடக்கச் சொன்னாலே அவரு இதைத்தான் அமுக்குவாரு.

தம்பி: கேட்டீங்களா? 'இங்க'ன்னு சொல்றப்ப ஒரு சின்ன இழுவை. அவளேதான். ஒரே குரல், ஒரே குரல்னு உங்க ரெண்டு பேரையும் எல்லாரும் சொல்வாங்க. அத்தையே போன்ல ஏமாந்திருக்காங்க. நான் ஒருநாளும் ஏமாந்ததில்ல.

அண்ணி: ...தம்பி.

தம்பி: ஹலோன்னாலே எனக்குத் தெரிஞ்சுடும்.

அண்ணி: தம்பி, அது நான்.

தம்பி: எது?

அண்ணி: இப்ப கேட்டது. தண்ணி வேணும், போதும், வலிக்குது... எல்லாம். அவளுக்கு ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் இன்னும் நிறைய வார்த்தை சேக்க வேண்டி வந்துச்சு. பாதி அவ குரல், பாதி என் குரல்னு போட்டுப் பாத்தோம். பேஷன்ட்டுங்க மிரண்டுட்டாங்க. தன் வாயிலேர்ந்து ரெண்டு பேரு பேசுற மாதிரி இருக்குமில்ல? எல்லாத்தையும் நீயே ஒரே குரல்ல பதிஞ்சுடுன்னு எழுதிக் காட்டினா. நான் பேசினேன், அவ பக்கத்துல உக்காந்து 'இன்னும் மெதுவா', 'கெஞ்சாதே'ன்னு கையைக் காட்டினா.

தம்பி: அவ பதிஞ்சது?

அண்ணி: அதே பேருலதான் ஆப் ஃபைலைத் தேடும். அதே பேருல, அது மேலயே பதிஞ்சேன்.

தம்பி: மேலயே.

அண்ணி: ஆமா.

தம்பி: அவ லேப்டாப்ல?

அண்ணி: அது ஆபீஸோடது. திருப்பிக் குடுத்தப்பவே எல்லாத்தையும் துடைச்சிருப்பாங்க. இங்க இருக்கிற டேப்லெட் அத்தனையிலயும் நானேதான் புதுசைப் போட்டேன்.

தம்பி: ஒரு காப்பி... ஒரே ஒரு காப்பி எடுத்து வைக்கத் தோணலையா அண்ணி உங்களுக்கு?

அண்ணி: தோணுச்சு தம்பி. கேட்டேன். அழிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கட்டுமாடின்னு அவ கையைப் பிடிச்சுக் கேட்டேன். வேண்டாம்னுட்டா.

தம்பி: ஏன்?

அண்ணி: இருங்க... இருங்க இருங்க. கடவுளே, எனக்கு ஏன் இது இவ்வளவு நாளா... நீங்க குரல் வேணும்னு கேட்டதுமே எனக்கு அழிச்சது மட்டும்தான் நெஞ்சுல நின்னுச்சு. தம்பி, உங்க போன் எங்க?

தம்பி: எதுக்கு?

அண்ணி: அதனாலதான் அவ வேண்டாம்னா! 'அவர் போன்ல நான் இருக்கேன்'னு எழுதிக் காட்டினா. முதல் ஆப் தயாரானதும் எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தானே லிங்க் அனுப்பினா? நாளைக்கு சார் எங்க அப்டேட் பண்ணப் போறாரு, அவர்கிட்ட நான் பத்திரமா இருப்பேன்னு எழுதிட்டு... சத்தமில்லாம சிரிச்சா தம்பி, தோள் குலுங்கக் குலுங்க.

தம்பி: அண்ணி...

அண்ணி: அந்த லிங்க்கை இப்ப அமுக்கினா புதுசுதான் வரும். ஆனா அன்னைக்குப் போட்டது போன்ல அப்படியே இருக்கும். அதுக்குள்ள இருக்கிற குரலை நான் வெளிய எடுத்துடுவேன், எனக்குத் தெரியும். குடுங்க. அப்டேட் பண்ணலையே? பண்ணியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியாதா உங்களை!

தம்பி: பண்ணலை.

அண்ணி: அப்பாடா... எடுங்க. ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? போன் மாத்திட்டீங்களா?

தம்பி: இல்ல. அதே போன்தான்.

அண்ணி: பின்ன என்ன? நீங்க போட்டுக் கேட்டுட்டு, 'தண்ணி வேணும் மட்டும் கொஞ்சம் அதட்டுற மாதிரி இருக்கு'ன்னு சொன்னீங்களாம். அதுக்காக அன்னைக்கே மறுபடி உக்காந்து பதிஞ்சா. அவர் ஒவ்வொண்ணா கேட்டுட்டுச் சொல்றாருடின்னு எனக்கு போன் பண்ணி அவ்வளவு பெருமை...

தம்பி: கேக்காமத்தான் சொன்னேன், அண்ணி. ஏதாவது ஒரு குறை சொன்னாத்தான் கேட்ட மாதிரி இருக்கும்னு... அந்த ஆப்பை நான் ஒருநாளும் போன்ல போட்டதே இல்ல.