நாகாத்தா கலிங்கு

ரொம்பக் காலம் முந்தி, ரயிலும் தாசில்தாரும் வராத காலத்துல, நெடுங்கரை நெடுங்கரைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு, நாம உக்காந்திருக்கிற ஊருதான். ஆனா அப்ப இது ஒரு ஊரா இல்லே. ரெண்டாக் கெடந்துச்சாம். ஊரு மட்டுமா, நாடே ரெண்டாக் கெடந்துச்சாம். ஒரு பாதி வலங்கை, ஒரு பாதி இடங்கை.

அது சாதியா, சாமியா, தொழிலான்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலே. எல்லாந்தான் என்பாங்க. வலங்கைக்காரன் தேரு ஓடுற தெருவுல இடங்கைக்காரன் தேரு ஓடக் கூடாது. இவன் கொடி நிறத்தை அவன் கட்டக் கூடாது. கட்டினா வேல்கம்பு வரும், வளரி வரும். வந்துச்சாம். வந்து வந்து, ஏரு புடிக்கவே ஆம்பளை இல்லாமப் போச்சாம்.

அப்பத்தான் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும், நாட்டாருன்னு சொல்லுவோம், கூடி ஒரு ஏற்பாடு பண்ணினாங்களாம். கோயில் கதவுக்கு ரெண்டு பூட்டு, பக்கத்துக்கு ஒரு சாவி. ஊருக்கு ரெண்டு தலைவரு. கம்மாய்க்கு ரெண்டு காவல். பொதுவுல உள்ளது எதையும் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் தொடணும். ஒரு பக்கம் மட்டும் தொட்டா, தொட்ட கையை வெட்டணும்.

அதுக்கப்புறம் ஊருல ஒரு கொலை விழலியாம். அதையும் சொல்லணும்ல?

நாகாத்தா பொறந்தது இடங்கை வீட்டுல. சண்டை ஓஞ்ச தெம்புல, வலங்கை வீரணனுக்குக் கட்டிக் கொடுத்தாங்களாம். வீடு கம்மாய்க் கரைக்குக் கீழே. தொட்டில்ல ஒரு பொம்பளைப் புள்ளை.

அந்த வருஷம் மழைன்னா மழை, அப்பிடி மழையாம். கம்மாய் நெறைஞ்சா மிச்சத் தண்ணி போறதுக்குக் கலிங்கு இருக்குல்ல, அதுல கல்லுக்கு நடுவுல பலகையைச் சொருகிக் களிமண்ணு வச்சு அடைச்சிருந்தாங்க. மழை மிஞ்சினா உருவி விடணும். உருவலேன்னா கரை ஒடையும், கீழே உள்ள வீடெல்லாம் போகும். வலங்கை வீடும் போகும், இடங்கை வீடும் போகும்.

அன்னைக்குன்னு பாத்துக் கோயில்ல தகராறு. பரிவட்டம் மொதல்ல யாருக்கு? வலங்கைத் தலைவரு கோவிச்சுக்கிட்டு, கலிங்குல நின்ன தன் காவலாளையும் கூப்பிட்டுக்கிட்டாராம். இடங்கைக் காவலாளு மட்டும் நிக்கிறான். யாரு? நாகாத்தா அண்ணன் உடையப்பன்.

நாகாத்தா மழையில ஓடி வாறா.

"அண்ணே, கரை கசியுதுண்ணே. பலகையை உருவு."

"அவன் வரட்டும் ஆத்தா."

"அவன் வரமாட்டான். கோயில்ல துணிக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கான்."

"அப்ப என் கையை வெட்டிருவாங்களே தங்கச்சி."

"உன் மருமக தொட்டில்ல கெடக்காண்ணே!"

"தெரியும்" என்றானாம். சொல்லிட்டுக் கையைக் கக்கத்துக்குள்ள வச்சுக்கிட்டானாம்.

நாகாத்தா சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டினா. எறங்கினா. ஒரு பலகையை உருவினா. இன்னொரு பலகையை உருவினா. எல்லாத்தையும் உருவினா. தண்ணி வாய்க்கால்ல பாய்ஞ்சு போச்சு. கரை நின்னுச்சு. ஒரு உசுரு போகலே.

மழை விட்டதும் நாட்டார் கூடிட்டாங்க. ஒரு கெழவரு எழுந்து, "ஏப்பா, ஊரே பொழைச்சிருக்கு, விட்டுத் தொலைங்களேன்" என்றாராம்.

இடங்கைத் தலைவரு சொன்னாராம்: "இன்னைக்கு விடுவோம். நாளைக்கு வலங்கைக்காரன் தன் வயலுக்குத் தண்ணி தொறப்பான். கேட்டா, ஊரைக் காப்பாத்தினேம்பான்."

"நீங்க தொறக்க மாட்டீகளாக்கும்?" என்றாராம் வலங்கைத் தலைவரு.

ரெண்டு பேரும் சொன்னது பொய் இல்லே. அதுதான் கொடுமை.

"இவ உங்க வீட்டுல வாக்கப்பட்டவ. குத்தம் உங்களுது."

"உங்க வீட்டுல பொறந்தவ. குத்தம் உங்களுது."

இப்பிடியே இழுத்துச்சாம். நாகாத்தாளுக்குச் சிரிப்பு வந்துருச்சாம். "ஏன்யா சண்டை? நான் பொறந்தது இடங்கை, பொழைக்கிறது வலங்கை. ரெண்டு பக்கமும் சேர்ந்து தொட்டதா வச்சுக்கங்க. ஏற்பாடும் நின்னுச்சு, கரையும் நின்னுச்சு."

கூட்டமே சிரிச்சுச்சாம். பொம்பளைக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களாம். தலைவருக ரெண்டு பேரும் சிரிக்கலே. ஒருத்தரை ஒருத்தரு பாத்தாங்க. அன்னைக்குத்தான் அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது.

"எந்தக் கையால உருவினே?"

"ரெண்டு கையாலயுந்தான். ஒத்தக் கைக்கு அந்தப் பலகை அசையுமா?"

"அப்பச் சரி. குத்தம் பாதிக்குப் பாதி. பக்கத்துக்கு ஒரு கை."

அருவா புடிச்சது யாருன்னு கதையில இல்லே. ரெண்டு தெருவுலயும் அந்தப் பேருகளைச் சொல்றதில்லே.

காயத்துக்கு மருந்து வச்சுக் கட்டிக் கலிங்குக் கல்லுல சாய்ச்சு உக்கார வச்சாங்களாம். வீரணன் குறுக்க வந்துரக் கூடாதுன்னு அவன் ஆளுகளே அவனை மண்டபத்துத் தூணுல கட்டிப் போட்டிருந்தாங்க. புள்ளையை ஒரு வண்ணாத்தி எடுத்துட்டுப் போனா. இப்ப நாகாத்தாளுக்குச் சோறு?

சோறு வந்துச்சு. வலங்கைத் தெருவுல இருந்து ஒரு பானை, இடங்கைத் தெருவுல இருந்து ஒரு பானை. கொறை வைக்கலே. ஆனா ஊட்டுறது யாரு? வலங்கைக்காரி ஊட்டினா, இடங்கை வெட்டுன ஆளுக்கு வலங்கை பரிஞ்சு வந்ததாகும். இடங்கைக்காரி ஊட்டினாலும் அதே கதை. சேர்ந்து ஊட்டலாம்னாங்க. மொதக் கவளம் யாருதுன்னு பேச்சு வந்துச்சு. அதைப் பேச நாட்டார் கூடணும்னாங்க. கூடினாங்க. பேசினாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்க.

உடையப்பன் ஒரு கலயம் கஞ்சி கொண்டாந்து அவ மடிக்கு முன்னால வச்சானாம்.

"வாயில ஊத்துண்ணே."

நின்னு பாத்தானாம். அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தானாம். போயிட்டானாம்.

பானை நெறையச் சோத்துக்கு நடுவுல நாகாத்தா பசியில செத்துப் போனா. சோத்துல எறும்பு ஏறி இருந்துச்சாம்.

வண்ணாத்தி வளத்த அந்தப் புள்ளை வழிதான் நாங்க. அவ சாஞ்சிருந்த கல்லு இன்னும் கலிங்குல நிக்குது. சனங்க அந்தக் கலிங்கை நாகாத்தா கலிங்குன்னுதான் சொல்லுவாங்க.

இன்னொண்ணும் பாத்திருப்பீங்க. கல்யாணமோ கருமாதியோ, இந்த நாட்டுல பந்தியில உக்காந்தா யாரும் தன் கையால மொதக் கவளம் எடுக்க மாட்டோம். எதுத்த வரிசைக்காரன் வாயில ஊட்டணும், அவன் நமக்கு ஊட்டணும். அதுக்கப்புறந்தான் சாப்பாடு. வெளியூர்ச் சம்பந்தக்காரங்க, என்னமா ஒத்துமை, என்னமா பாசம்னு செல்போன்ல படம் புடிப்பாங்க. பாசமெல்லாம் இல்லீங்க. எதுத்தாப்ல உள்ளவன் ஊட்டுவானா மாட்டானான்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிறோம், அவ்வளவுதான்.